பாஸ்டனில் பிறந்த விதியும் காரைக்குடித் தோலும்: ஒரு தீக்காயத்தின் நிகழ்வு ஆய்வு

நோயாளி இருபதுகளின் நடுவில் இருக்கும் பெண். ஊர் தேவகோட்டைப் பக்கம். ஆவணியில் முகூர்த்தம் குறித்திருந்தார்கள். பங்குனியில் தாயாருடன் காரைக்குடிக்கு வந்து என்னைப் பார்த்தபோது, அவருடைய தாடையின் இரு ஓரங்களிலும் முகவாயிலும் கட்டம் கட்டமாகக் கருத்த தழும்புகள் இருந்தன. அடையாளம் காட்டக்கூடிய விவரங்களை விலக்கி, அவருடைய சம்மதத்தோடு இதை எழுதுகிறேன்.

இந்தக் காயத்தைத் தடுக்கத் தேவையான அறிவு 1983-லேயே அச்சில் வந்துவிட்டது. அதைத் தந்தவர்களில் ஒருவரான ராக்ஸ் ஆண்டர்சன், தோல் மருத்துவத்தில் ஒளியால் இயங்கும் கருவிகளுக்கு ஏறக்குறைய அடித்தளமே போட்டவர். அவர் செய்த வேலையைச் சொல்லாமல் இந்தப் பெண்ணின் முகத்தில் நடந்ததை முழுமையாக விளக்க முடியாது. ஆகவே இந்த ஆய்வில் ஒரு நோயாளியின் கதையும் ஒரு கண்டுபிடிப்பாளரின் கதையும் சேர்ந்தே வருகின்றன.

தழும்பின் வடிவம்

தழும்புகளை உருப்பெருக்கியில் பார்த்தேன். எல்லாம் ஒரே நீளம், ஒரே அகலம். ஓரங்கள் ஸ்கேல் வைத்துக் கோடு போட்டதுபோல் நேராக இருந்தன. ஒரு கட்டத்துக்கும் அடுத்த கட்டத்துக்கும் இடையே மெல்லிய கீற்றாக அவருடைய இயல்பான நிறம் தெரிந்தது. சில கட்டங்களின் நடுப்பகுதி வெளுத்து, விளிம்பு மட்டும் அடர்ந்து கருத்திருந்தது. எந்தத் தோல் நோயும் இப்படி நேர்கோட்டில் நிற்காது. ஐபிஎல் எனப்படும் ஒளிவீச்சுக் கருவியின் கைப்பிடி முனையில் ஒரு நீள்சதுரக் கண்ணாடி இருக்கும். அது தோலில் பதிந்த இடமெல்லாம் எரிந்திருக்கிறது. கண்ணாடி படாமல் விட்ட இடைவெளிதான் அந்தக் கீற்று.

விசாரித்ததில் மூன்று செய்திகள் கிடைத்தன. முதலாவது, ஒரு வருடத்துக்கும் மேலாக அவர் முகம் சிவப்பாக வேண்டும் என்று மருந்துக்கடையில் கேட்டு வாங்கிய ஒரு கிரீமைத் தடவி வந்திருக்கிறார். உறையைக் காட்டச் சொன்னேன். அதில் வீரியமான ஸ்டீராய்டு இருந்தது. ஸ்டீராய்டை மாதக்கணக்கில் முகத்தில் தடவினால் தோல் மெலியும், பருக்கள் கிளம்பும், பூனை முடி நீண்டு வளரும். இரண்டாவது, மாதவிலக்கு சீராக இல்லை. முகவாயில் முடி தடித்து வளர்ந்ததற்கு அதுவே காரணம் என்று தோன்றியது. பரிசோதனையும் சினைப்பை நீர்க்கட்டிப் பிரச்சினையை உறுதி செய்தது.

மூன்றாவது செய்தி தைப்பூசம். குன்றக்குடியிலிருந்து நத்தம், திண்டுக்கல் வழியாகப் பழனிக்கு நடந்து செல்லும் பாதயாத்திரை இந்தச் சீமையில் தலைமுறை தலைமுறையாக நடப்பது. கல்யாணம் கூடிவந்ததற்கான நேர்த்திக்கடன் என்று இவரும் குடும்பத்தோடு நடந்திருக்கிறார். திரும்பி வந்த சில நாட்களிலேயே, முகத்தில் வெயில் கருப்பு இறங்குவதற்குள், ஓர் அழகு நிலையத்தில் முன்பணம் கட்டியிருந்த முடி நீக்கச் சிகிச்சைக்குப் போய் அமர்ந்திருக்கிறார். எரிந்தது என்று சொன்னபோது ஐஸ் வைத்துவிட்டு, இரண்டு நாளில் சரியாகிவிடும் என்றார்களாம்.

தாயார் கேட்டது ஒரே கேள்விதான்: “டாக்டரம்மா, அதே மிஷினில்தான் சென்னையில் இருக்கும் என் நாத்தனார் மகளுக்கும் செய்தார்கள். அவளுக்கு ஒன்றுமே ஆகவில்லையே?”

“அந்தப் பெண் நிறமா, ஆச்சி?” என்று கேட்டேன்.

“நல்ல நிறம். வெளியில் தலை காட்டாத வேலை.”

இந்த ஆய்வுக்கு வேண்டிய விடையில் பாதி அங்கேயே கிடைத்துவிட்டது.

பாஸ்டன்

ஒளியால் தோலைக் குணப்படுத்துவது பழைய எண்ணம். தோலில் வரும் காசநோய்க்கு விளக்கொளியால் சிகிச்சை அளித்த டென்மார்க்கின் நீல்ஸ் ஃபின்சனுக்கு 1903-இல் நோபல் பரிசு கிடைத்தது. நம் பக்கத்தில் வெண்புள்ளிக்குக் கார்போகரிசியைப் பூசி வெயிலில் நிற்கச் சொல்வது அதைவிட எவ்வளவோ பழையது. கார்போகரிசியில் இருக்கும் சோராலன் என்ற பொருள் புறஊதா ஒளி பட்டதும் தோலில் வேலை செய்கிறது. 1974-இல் ஜான் பாரிஷ், தாமஸ் ஃபிட்ஸ்பாட்ரிக் முதலியோர் பாஸ்டனில் சோரியாசிஸுக்கு இதே கூட்டணியை, அளந்த மருந்தும் அளந்த ஒளியுமாக, பூவா சிகிச்சை என்ற பெயரில் நிலைநாட்டினார்கள். எத்தனை ஒளி கொடுப்பது என்று தீர்மானிக்கத் தோலை வகைப்படுத்த வேண்டியிருந்தது. ஃபிட்ஸ்பாட்ரிக் 1975-இல் உருவாக்கிய அளவுகோல் அதற்காக வந்ததுதான். தொடக்கத்தில் அதில் வெள்ளைத் தோலின் நான்கு வகைகளே இருந்தன. பழுப்புத் தோலுக்கு ஐந்தும் கறுப்புத் தோலுக்கு ஆறும் பிறகு சேர்க்கப்பட்டவை. காரைக்குடிச் சந்தையில் ஒரு மணி நேரம் நின்றால் கண்ணில் படும் முகங்களில் பெரும்பாலானவை, பின்னால் சேர்க்கப்பட்ட அந்த இரண்டு வரிகளுக்குள் அடங்கிவிடும்.

பாரிஷின் ஆய்வுக்கூடத்துக்கு வந்து சேர்ந்தவர்தான் ராக்ஸ் ஆண்டர்சன். மாசசூசெட்ஸ் தொழில்நுட்பக் கழகமான எம்ஐடியில் படித்தவர், பிறகு ஹார்வர்டும் எம்ஐடியும் சேர்ந்து நடத்தும் மருத்துவப் படிப்பை முடித்தவர். அவருடைய களம் மாசசூசெட்ஸ் பொது மருத்துவமனை. அங்கே வெல்மன் ஒளிமருத்துவ மையத்தின் இயக்குநராகவும் பின்னாளில் இருந்தார்.

அவர் முதலில் கருவி எதையும் செய்யவில்லை என்பது என் மனத்தில் ஆழமாகப் பதிந்த செய்தி. 1981-இல் அவரும் பாரிஷும் வெளியிட்ட கட்டுரை மனிதத் தோலின் ஒளியியலைப் பற்றியது. எந்த நிற ஒளி எவ்வளவு ஆழம் போகும், எங்கே சிதறும், தோலுக்கும் முடிக்கும் நிறம் தரும் மெலனின் எதை வாங்கிக்கொள்ளும், ரத்தம் எதை வாங்கிக்கொள்ளும் என்று தோலை ஓர் இயற்பியல் பொருளாக அளந்து வைத்தார்கள்.

அப்போது லேசர் பிறந்து இருபது ஆண்டுகள் ஆகியிருந்தன. 1960-இல் தியோடர் மைமன் ரூபி லேசரை இயக்கிக் காட்டிய சில ஆண்டுகளிலேயே சின்சினாட்டியின் தோல் மருத்துவர் லியோன் கோல்ட்மன் அதைத் தோலில் செலுத்திப் பார்த்து, கறுத்த பொருட்களை அது தேடிப் பிடிக்கிறது என்று எழுதினார். இருந்தாலும் பிறவியிலேயே முகத்தில் படரும் சிவந்த ரத்தக்குழாய் மச்சத்துக்கு எழுபதுகளில் பயன்பட்ட ஆர்கான் லேசர், மச்சத்தை அகற்றும்போதே தழும்பையும் கொடுத்தது. ஒளி விடாமல் பாய்ந்ததால் ரத்தக்குழாயில் ஏறிய சூடு பக்கத்துத் தோலுக்கும் பரவியது. குழந்தைகளுக்கு இது பெரிய கொடுமை.

1983-இல் சயன்ஸ் இதழில் ஆண்டர்சனும் பாரிஷும் வெளியிட்ட கட்டுரை இந்தச் சிக்கலுக்கு விடை சொன்னது. தேர்ந்த ஒளிவெப்பச் சிதைவு என்று அந்தக் கொள்கையைத் தமிழில் சொல்லலாம். எதை அழிக்க வேண்டுமோ அது விரும்பி வாங்கிக்கொள்ளும் நிறத்தில் ஒளி இருக்க வேண்டும். அந்தப் பொருள் தன் சூட்டை வெளியே கடத்திவிட எடுக்கும் நேரத்துக்குள் ஒளி அடித்து முடித்துவிட வேண்டும். அதற்கு வேண்டிய அளவு ஆற்றலும் வேண்டும். இவ்வளவுதான் கொள்கை.

இதில் நடுவில் உள்ள நேரக் கணக்கே உயிர்நாடி. எண்ணெய்ச் சட்டியிலிருந்து எடுத்த சீடை நொடியில் ஆறிவிடும். கந்தரப்பம் உள்ளே சூட்டை வைத்துக்கொண்டே இருக்கும். தோலுக்குள்ளும் அதே விதி, அளவுதான் மிகச் சிறியது. ஆறும் நேரம் விட்டத்தின் வர்க்கத்தைப் பொறுத்தது. விட்டம் இரண்டு மடங்கானால் ஆறும் நேரம் நான்கு மடங்காகும். மைக்ரோமீட்டர் என்பது ஒரு மில்லிமீட்டரில் ஆயிரத்தில் ஒரு பங்கு. அரை மைக்ரோமீட்டர் முதல் ஒரு மைக்ரோமீட்டர் வரை இருக்கும் மெலனின் துகள் ஒரு மைக்ரோ விநாடிக்கும் குறைவான நேரத்தில் ஆறிவிடும். 50 மைக்ரோமீட்டர் ரத்தக்குழாய்க்கு ஏறக்குறைய ஒரு மில்லி விநாடி பிடிக்கும். மயிர்க்கால் பருமனானது, அதற்குச் சில பத்து மில்லி விநாடிகள் வேண்டும்.

இந்தக் கணக்கிலிருந்து கருவிகள் ஒவ்வொன்றாகப் பிறந்தன. முதலில் வந்தது ரத்தக்குழாய்க்கான சாய லேசர். ஒளியின் நிறத்தை அதன் அலைநீளத்தால், நானோமீட்டரில் குறிப்பார்கள். 577 நானோமீட்டரில் கணக்கிட்டது, இன்னும் சற்று ஆழம் போகட்டும் என்று 585-க்கு நகர்த்தப்பட்டது. ஒரு துடிப்பின் நீளம், அதாவது ஒளி ஒரு முறை அடிக்கும் நேரம், அரை மில்லி விநாடிக்கும் குறைவு. 1989-இல் மச்சத்தோடு பிறந்த குழந்தைகளில் அது நல்ல பலன் தந்ததை வேறொரு குழு காட்டியது. நானோ விநாடி அளவில் அடிக்கும் லேசர்கள் பச்சை குத்திய மையை உடைக்கப் பயன்பட்டன. முழங்கையில் அந்த நாளில் குத்திய பச்சையோடு வரும் ஆச்சிமார்களுக்கு அதை எடுக்கும் எண்ணமே கிடையாது; காதலித்தவரின் பெயரைக் கையில் குத்திக்கொண்ட இளைஞர்களே அதைக் கேட்டு வருகிறார்கள்.

1996-இல் ஆண்டர்சன் குழு ரூபி லேசரால் மயிர்க்காலைச் சிதைக்க முடியும் என்று காட்டியது. இன்று உலகமெங்கும் நடக்கும் லேசர் முடி நீக்கத்தின் தொடக்கம் அதுதான். கைப்பிடி முனையில் குளிரூட்டிய நீலக்கல் வில்லையை வைத்து, மேல்தோலைக் குளிரவைத்துக்கொண்டே ஒளியை அனுப்பினார்கள். 694 நானோமீட்டர் சிவப்பு ஒளியை மெலனின் பசியோடு வாங்கிக்கொள்ளும். வெளுத்த தோலில் கறுத்த முடி இருப்பவருக்கு அது பொருத்தமானது. முடியிலும் மெலனின், தோலிலும் மெலனின் என்று இருக்கும் நமக்கு அதே ஒளி பகையாகிவிடும்.

இந்த முகத்தில் நடந்தது

அழகு நிலையம் கொடுத்த அட்டையில் ஒவ்வொரு அமர்வுக்கும் சில எண்களைக் குறித்திருந்தார்கள். வடிகட்டி என்ற இடத்தில் 560 என்று இருந்தது. ஐபிஎல் லேசர் அல்ல. விளக்கிலிருந்து பல நிறமும் கலந்த ஒளியை வீசும் கருவி. குறிப்பிட்ட எண்ணுக்குக் கீழே உள்ள ஒளியை வடிகட்டி தடுத்துவிடும். 560 என்றால் பச்சை மஞ்சள் எல்லையிலிருந்து எல்லாமே உள்ளே போகும். முகத்தில் தெரியும் ரத்தக்குழாய்களுக்கு, அதுவும் வெளுத்த தோலில், பயன்படுத்தும் வடிகட்டி அது. முடி நீக்க, அதிலும் ஐந்தாம் வகைத் தோலில், அதை எடுத்திருக்கவே கூடாது.

பாதயாத்திரைக்குப் பிறகு மேல்தோலில் மெலனின் வழக்கத்தைவிடக் கூடியிருந்தது. மயிர்க்காலுக்குப் போக வேண்டிய ஒளியில் பெரும்பங்கை மேல்தோலே வழியில் மறித்து வாங்கிக்கொண்டது. மேல்தோலின் பருமன் 100 மைக்ரோமீட்டர் அளவுதான். சில மில்லி விநாடிகளில் அது ஆறிவிடக்கூடியது. துடிப்பை நீட்டியிருந்தால் ஒளி விழும்போதே ஓரளவு ஆறியிருக்கும். அட்டையின்படி துடிப்பும் குறுகியது. குளிரூட்டல் என்று இருந்தது மேலே தடவிய ஜெல் மட்டும். ஸ்டீராய்டால் ஏற்கெனவே மெலிந்திருந்த தோல் இதைத் தாங்கவில்லை.

சென்னைப் பெண்ணுக்கு இதே எண்கள் தீங்கு செய்யாமல் போனதற்கும் இதுவே விளக்கம். அவருடைய மேல்தோலில் ஒளியை மறிக்க அவ்வளவு மெலனின் இல்லை. கருவியின் திரையில் ஏற்கெனவே நிரப்பி வைத்திருக்கும் எண்களை வேதவாக்காக எடுத்துக்கொள்வது எவ்வளவு ஆபத்து என்பதை நான் இந்த இடத்தில் அழுத்திச் சொல்ல விரும்புகிறேன். 1983-இன் விதி எந்தத் தோலுக்கும் பொருந்தும், ஏனென்றால் அது இயற்பியல். அந்த விதியில் போடும் எண்களை ஒவ்வொரு முகத்துக்கும், அதே முகத்துக்கே தை மாதத்தில் ஒன்று, ஆனியில் ஒன்று என்று, புதிதாகக் கணக்கிட வேண்டும். ஆண்டர்சன் தந்தது கணக்குப் போடும் வழி. அதை விட்டுவிட்டு யாரோ யாருக்கோ போட்ட விடையைப் பார்த்து எழுதியதால் இந்தப் பெண்ணின் முகம் எரிந்தது.

சிகிச்சை

முதல் வேலை கிரீமை நிறுத்துவது. வீரியமான ஸ்டீராய்டைத் திடீரென்று விட்டால் முகம் சிவந்து எரியும். அதற்கு ஸ்டீராய்டு அல்லாத களிம்பைக் கொடுத்துச் சமாளித்தோம். அந்த நாட்களில் அவர் பட்ட எரிச்சல் சாதாரணமானதல்ல. பழைய கிரீமைத் தடவினால் ஒரே இரவில் அடங்கிவிடும் என்பது அவருக்கும் தெரியும். தடவாமல் பொறுத்துக்கொண்டார்.

கருத்த தழும்புக்கு வெயில் காப்பு, அசலாயிக் அமிலம், காலம் ஆகிய மூன்றையும் நம்பினேன். நம் நிறத் தோலைக் கண்ணுக்குத் தெரியும் ஒளியும் கருக்க வைக்கும். அதனால் இரும்பு ஆக்சைடு கலந்த, நிறமுள்ள சன்ஸ்கிரீனைத் தேர்ந்தெடுத்தேன். நடுவில் வெளுத்த இடங்களில் நிறம் மயிர்க்காலிலிருந்து மெல்லத் திரும்பி வந்தது. முதலில் சிறு புள்ளிகளாக, பிறகு அவை ஒன்று சேர்ந்து. நீர்க்கட்டிப் பிரச்சினைக்கு மகப்பேறு மருத்துவரிடம் அனுப்பினேன். ஹார்மோனைக் கவனிக்காமல் முகவாய் முடியை மட்டும் எரிப்பது வீண் செலவு.

கன்னத்துப் பூனை முடியைத் தொட மறுத்துவிட்டேன். மெல்லிய முடியில் ஒளியை வாங்க மெலனின் போதாது. மயிர்க்கால் அழியாமல் தூண்டப்பட்டு, முடி முன்னைவிட அதிகமாக வளர்வதும் உண்டு. ஸ்டீராய்டு நின்றால் அது தானாகக் குறையும் என்று சொன்னேன், குறைந்தது. முகவாயில் இருந்த தடித்த முடியை அதுவரை வேரோடு பிடுங்காமல் மழித்துக்கொள்ளச் சொன்னேன். மழித்தால் முடி தடிக்கும் என்று தாயார் பயந்தார். அது உண்மையல்ல, மழிப்பது தோலுக்கு மேலே இருப்பதை வெட்டுவது, வேருக்கு அது தெரியாது. வேர் உள்ளே இருந்தால்தான் லேசருக்கும் பிடிமானம் இருக்கும்.

கருப்பு நன்றாக இறங்கிய பிறகு, கோடை தாண்டி, 1064 நானோமீட்டர் என்டி-யாக் லேசரை எடுத்தேன். இந்த அகச்சிவப்பு ஒளியை மெலனின் குறைவாகவே வாங்கும். ஆழமும் அதிகம் போகும். மேல்தோல் ஆற இடம் கொடுத்து, மயிர்க்கால் ஆறுவதற்குள் முடியும்படி, முப்பது மில்லி விநாடியை ஒட்டித் துடிப்பை வைத்தேன். குளிரூட்டும் முனை, கண்ணுக்குக் கவசம். முதலில் காதுக்குக் கீழே ஒரே ஒரு புள்ளியில் சோதித்துப் பார்த்துவிட்டுப் பல நாள் காத்திருந்தேன். எரிவோ கருப்போ இல்லை என்று உறுதியான பிறகே முகவாய்க்கு வந்தேன். ஆவணிக்குள் தடித்த முடி பாதிக்கு மேல் குறைந்தது. அமெரிக்க மருந்துக் கட்டுப்பாட்டு அமைப்பு இதை நிரந்தரக் குறைப்பு என்றுதான் சொல்ல அனுமதிக்கிறது. முழுதாக நீக்கிவிடுவோம் என்ற விளம்பரத்தை யாரும் நம்ப வேண்டாம்.

கண்டுபிடிப்பாளரைப் பற்றி மேலும்

ஆண்டர்சனின் பிற்காலக் கருவிகளும் அதே கேள்வியிலிருந்தே வந்தன. 2004-இல் டீட்டர் மான்ஸ்டைனும் அவரும் ஃப்ராக்ஷனல் லேசரை அறிமுகம் செய்தார்கள். முகம் முழுவதையும் உரிக்காமல், மயிரிழை அளவுத் தூண்களாக மட்டும் சுட்டு, சுற்றிலும் நல்ல தோலை விட்டுவைத்தால் காயம் விரைவாக ஆறும் என்பது யோசனை. பருத் தழும்புக்கு நாங்கள் இன்று நம்புவது இதைத்தான், ரேடியோ அலையைச் செலுத்தும் நுண்ணூசிக் கருவிகளோடு சேர்த்து. ரேடியோ அலைக்கு நிறம் தெரியாது என்பது நமக்கு ஒரு வசதி.

2008-இல் அதே இருவரும் சூட்டை விட்டுக் குளிருக்கு மாறினார்கள். ஐஸ் குச்சி சப்பிய குழந்தையின் கன்னத்துக் கொழுப்பு அழற்சி கண்டது 1970-இல் மருத்துவ இதழில் பதிவாகியிருந்தது. தோலுக்குக் கேடில்லாத குளிரில் கொழுப்புச் செல் மட்டும் சாகிறது என்பதை அதிலிருந்து பிடித்து, பன்றிகளில் சோதித்து, கொழுப்பைக் குளிரால் குறைக்கும் கருவியாக வளர்த்தார்கள். 2010-இல் அமெரிக்காவில் அதற்கு அனுமதி கிடைத்தது. சிலருக்கு அந்தச் சிகிச்சைக்குப் பிறகு கொழுப்பு கரைவதற்குப் பதில் கட்டியாகப் பெருத்தது. 2014-இல் அந்தப் பக்கவிளைவை முதன்முதலாக இதழில் பதிவு செய்தவர்களில் ஆண்டர்சனும் ஒருவர். தன் கண்டுபிடிப்பின் கேட்டைத் தானே கையெழுத்திட்டு வெளியிட்ட இந்த ஒரு செயலுக்காகவே அவர்மேல் எனக்குப் பெரும் மரியாதை உண்டு. இந்தப் பெண்ணுக்குச் சிகிச்சை செய்த நிலையம், எரிந்த அன்றே அதை எரிவு என்று ஒப்புக்கொண்டு அனுப்பியிருந்தால், தழும்பு இவ்வளவு ஆழமாகியிருக்காது.

வியட்நாமின் ஹோ சி மின் நகரில் ரத்தக்குழாய் மச்சங்களோடு பிறக்கும் குழந்தைகளுக்காக 2009-இல் தொடங்கிய மையத்திலும் அவருடைய பங்கு இருக்கிறது. பாஸ்டன் நோயாளிகளைவிட நம் நிறத்துக்கு நெருக்கமான தோலில் அந்த லேசர்கள் அங்கே உழைக்கின்றன. மதுரையிலும் சென்னையிலும் இருக்கும் மருத்துவர்கள் இப்படிப்பட்ட அனுபவத்திலிருந்து எடுத்து, நம் தோலுக்கான அளவுகளை ஊர் ஊராகப் பகிர்ந்து எழுதி வைக்க வேண்டும் என்பது என் ஆசை.

இப்போதைய நிலை

திருமணம் நல்லபடியாக முடிந்தது. தாடையில் இரண்டு கட்டங்கள் மட்டும் கூர்ந்து பார்த்தால் தெரியும் அளவில் மிச்சம் இருக்கின்றன. ஸ்டீராய்டும் ஹார்மோனும் கூட்டுச் சேர்ந்து கிளப்பிய பருக்கள் முழுதாக ஓயவில்லை. அதற்கும் லேசர் உண்டா என்று போன முறை கேட்டார். உண்டு. எண்ணெய்ச் சுரப்பியைக் குறிவைக்கும் 1726 நானோமீட்டர் லேசருக்கு 2022-இல் அமெரிக்காவில் அனுமதி கிடைத்தது. கொழுப்பைத் தேர்ந்து சுடக்கூடிய அலைநீளங்களை ஆண்டர்சன் குழு 2006-லேயே காட்டியிருந்தது. அந்த அலைநீளத்தில் மெலனின் அவ்வளவாகக் குறுக்கிடுவதில்லை என்பதால் நம் தோலுக்கு நல்ல நம்பிக்கை தருகிறது. ஆனால் அவருக்கு இப்போது அது தேவையில்லை. இரவில் தடவும் அடப்பலின், மகப்பேறு மருத்துவர் எழுதிய மாத்திரை, காலையில் சன்ஸ்கிரீன் ஆகியவற்றிலேயே பருக்கள் குறைந்து வருகின்றன. கர்ப்பம் தரிக்கத் திட்டமிடும்போது முன்கூட்டியே சொல்லும்படி கேட்டிருக்கிறேன். அடப்பலினை அப்போது நிறுத்த வேண்டும், மாத்திரையையும் மகப்பேறு மருத்துவரைக் கேட்டு மாற்ற வேண்டும். இந்த ஆண்டும் பாதயாத்திரை போவதாக வேண்டுதல் இருக்கிறதாம். தாராளமாகப் போகலாம். முகவாய்க்கு அடுத்த லேசர் அமர்வை வெயில் கருப்பு இறங்கிய பிறகு வைத்துக்கொள்வதாகச் சீட்டில் எழுதிக் கொடுத்திருக்கிறேன்.